பாரிஸ் சுவர்களில் கண்ணாமூச்சி

பாரிஸுக்குப் போய்விட்டு வந்தவளிடம் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "ஐஃபல் டவர் பார்த்தீங்களா?" என்பதுதான். பார்த்தேன். உயரமாகத்தான் இருக்கிறது. இரண்டாவது கேள்வி, "சென்ட் வாங்கிட்டு வந்தீங்களா?" வாங்கவில்லை. மூன்று மாதம் அந்த ஊரில் இருந்து நான் அதிகம் பார்த்ததெல்லாம் சுவர்கள். இதைச் சொன்னால் எதிர்வீட்டு மாமி என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள். அதனால்தான் விவரமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

2025 பிப்ரவரியில் என் மகளின் இரண்டாவது பிரசவத்துக்காகப் போனேன். விசா 90 நாள். பெட்டியில் பாதி சுக்கு, மிளகு, பூண்டு, பனங்கருப்பட்டி. வீடு 13-ஆம் வட்டாரத்தில், பிளாஸ் திதாலி என்ற பெரிய நாற்சந்திக்குப் பக்கத்தில், ஐந்தாவது மாடி. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சுவிட முடியாத லிப்ட். ஜன்னலைத் திறந்தால் கழுவாத அலுமினியச் சட்டி மாதிரி ஒரு வானம்.

பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். பாப்பாவைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போட எனக்கு ஆசைதான். அங்கே வீட்டுக்கு வீடு கூரையில் புகை மணி வைத்திருக்க வேண்டும் என்று சட்டம். ஒரு நாள் கடுகு கொஞ்சம் கருகியதற்கே அது போட்ட கூச்சலில் கட்டிடமே எட்டிப் பார்த்தது. சாம்பிராணி ஆசையை அன்றோடு விட்டேன்.

கவலை பாப்பாவைப் பற்றியில்லை. அவள் அண்ணனைப் பற்றி.

பேரனுக்கு ஏழு வயது. ஏழு வருஷம் வீட்டுக்கு ஒரே பிள்ளை. தங்கச்சி வந்ததும் அடம் பிடிப்பான், அழுவான் என்று நாங்கள் தயாராக இருந்தோம். அவன் ஒன்றுமே செய்யவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டான், அவ்வளவுதான். பள்ளிவிட்டு வருவான், சாப்பிட்ட தட்டைத் தொட்டியில் போடுவான், தன் அறைக்குப் போய்விடுவான். அம்மா கூப்பிட்டால் கதவுவரை வந்து நிற்பான், உள்ளே வரமாட்டான். அடம் பிடிக்கிற பிள்ளையைச் சமாளித்துவிடலாம். பேசாத பிள்ளையை என்ன செய்வது? என் மகள் பால் கொடுத்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்வாள். போதாததற்கு அவனுக்குத் தமிழ் புரியுமே தவிர, பதில் பிரெஞ்சில்தான் வரும். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு "மெர்ஸி" ஒன்றுதான். ஒரு கூரைக்குக் கீழே இரண்டு செவிடர்கள் போல இருந்தோம்.

அங்கே புதன்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடம் கிடையாது. ஒரு புதனன்று மாப்பிள்ளை, "அத்தை, இவனைக் கொஞ்சம் வெளியே கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க. உங்க முழங்காலுக்கும் நடந்தா நல்லது" என்றார். நான் அவனைக் கூட்டிப் போனேனா, அவன் என்னைக் கூட்டிப் போனானா தெரியாது. கோட்டு, மப்ளர், கையுறை என்று அரிசி மூட்டையாகக் கட்டிக்கொண்டு இறங்கினோம்.

இரண்டு தெரு தாண்டி ஒரு முனையில் நின்றான். அப்பாவின் பழைய கைப்பேசியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தான்.

"ஆச்சி, மேல பாரு."

ஒரு வாரத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் தமிழ். பார்த்தேன். பச்சைக் கரை போட்ட நீலத் தகட்டில் தெருவின் பெயர். பாரிஸ் முழுக்க அப்படித்தான் இருக்கும். அதற்குப் பக்கத்தில், ஓர் ஆள் கைதூக்கினாலும் எட்டாத உயரத்தில், சிமெண்டில் பதித்த சின்னச் சின்ன டைல்ஸ். நம் குளியலறையிலும் நீச்சல் குளத்திலும் பதிப்பார்களே, அந்த மாதிரிச் சதுரச் சில்லுகள். எல்லாம் சேர்ந்து ஓர் உருவம்: இரண்டு கண், இரண்டு கொம்பு, நண்டு மாதிரிக் கால்கள். அவன் கைப்பேசியை நீட்டிப் படம் பிடித்தான். அது கொஞ்சம் யோசித்துவிட்டு முப்பது பாயிண்ட் என்று காட்டியது. பிள்ளையின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகு அந்த நண்டு யார், எவர் என்று விசாரிக்காமல் இருக்க முடியுமா?

அன்று ராத்திரி மாப்பிள்ளை கதையைச் சொன்னார். 1978-இல் ஜப்பானில் டைட்டோ என்ற கம்பெனி 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்று ஒரு விளையாட்டை வெளியிட்டது. டோமோஹிரோ நிஷிகாடோ என்பவர் செய்தது. திரையில் மேலேயிருந்து வரிசை வரிசையாக வேற்றுக்கிரகப் பூச்சிகள் இறங்கி வரும், கீழேயிருந்து சுட வேண்டும். அந்தப் பூச்சிகளைத்தான் பாரிஸ்காரர் ஒருவர் திரையிலிருந்து இறக்கிச் சுவரில் ஏற்றிவிட்டார். 1969-இல் பிறந்தவர். 'இன்வேடர்', அதாவது படையெடுப்பாளன் என்பதுதான் அவர் வைத்துக்கொண்ட பெயர். முகத்தைக் காட்டமாட்டார். பேட்டி கொடுத்தாலும் முகமூடிதான். பெரும்பாலும் ராத்திரியில் ஏணியும் சிமெண்டுமாக வந்து, யாருடைய அனுமதியும் கேட்காமல் பதித்துவிட்டுப் போய்விடுவார். 1990-களின் நடுவில் பாஸ்டீய் பக்கத்துச் சந்து ஒன்றில் ஒரே ஒரு பூச்சியைப் பதித்துச் சும்மா விட்டிருந்தாராம். 1998-இல்தான் படையெடுப்பு முழு மூச்சாகத் தொடங்கியிருக்கிறது.

இப்போது உலகம் முழுக்க 80-க்கும் மேற்பட்ட நகரங்களில் 4000-க்கும் அதிகமான உருவங்கள். பாரிஸில் மட்டும் 1500-க்கு மேல். அந்த 1500-ஆவதை 2024-இல் பொம்பிதூ கலை மையத்தில் பதித்தார். லண்டன், ரோம், டோக்கியோ, நியூயார்க் எல்லாம் உண்டு. 2015-இல் ஒன்றை விண்வெளி நிலையத்துக்கே அனுப்பிவிட்டார். இத்தாலிய விண்வெளி வீராங்கனை சமந்தா கிறிஸ்டோஃபொரெட்டி அங்கே இருந்த சமயம். நம் காசியிலும் உண்டாம். இரண்டு தடவை காசிக்குப் போய் வந்திருக்கிறேன், என் கண்ணில் ஒன்றும் படவில்லை. காசியில் யார் சுவரைப் பார்க்கிறார்கள்?

ஒவ்வொரு உருவத்துக்கும் ஊர்ப் பெயரின் எழுத்துகளோடு ஓர் எண் உண்டு. பாரிஸுக்கு 'பி.ஏ.' பேரன் "இது பி.ஏ., ஆச்சி" என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் எஸ்.எஸ்.எல்.சி. யோடு நின்றவள், சுவரிலிருக்கிற பூச்சி பி.ஏ. இந்த ஹாஸ்யத்தை அவனுக்கு விளக்கி முடிப்பதற்குள் வீடு வந்துவிட்டது. ஆனாலும் சிரித்தான்.

கைப்பேசி ஆட்டம் 2014-இல் வந்ததாம். 'ஃப்ளாஷ் இன்வேடர்ஸ்' என்று பெயர். சுவரிலிருக்கும் உருவத்தைப் படம் பிடித்தால் அது நிஜமா என்று சரிபார்த்துப் பாயிண்ட் கொடுக்கும். பத்திலிருந்து நூறுவரை. ஒரு பூச்சிக்கு ஒரு தடவைதான். எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லவே சொல்லாது. நீயே தேடிக்கொள் என்று விட்டுவிடும். ரசிகர்கள் கூடிப் போட்ட வரைபடங்கள் கிடைக்கத்தான் செய்கின்றன. ஒரு நாள் மாப்பிள்ளை அதைப் பார்த்து இடத்தைச் சொல்லப் போக, பேரன் காதைப் பொத்திக்கொண்டான். சரிதானே? விடையைப் பார்த்துவிட்டுக் குறுக்கெழுத்துப் போடுவதில் என்ன இருக்கிறது?

எனக்கு இந்தப் பூச்சிகள் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. நான்கைந்து பார்த்ததுமே இது எனக்குத் தெரிந்த வேலையாயிற்றே என்று தோன்றிவிட்டது. சதுரம் சதுரமாக எண்ணி உருவம் கொண்டுவருவது என்றால் நம்முடைய கிராஸ் ஸ்டிட்ச்தான். கட்டம் போட்ட தாளில் கிளியும் மயிலும் வரைந்து தலையணை உறையில் தைத்தோமே, அதே கணக்கு. இடைப்புள்ளி வைத்து மார்கழியில் வாசலை நிறைக்கிறவளுக்குப் பதினொன்றுக்கு எட்டுக் கட்டம் பெரிய வித்தையா? "நடுவுல ஒரு கோடு போட்டா ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கு பாரு" என்று அவனுக்குக் காட்டினேன். அவன் எண்ணிப் பார்த்துவிட்டு, "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். அன்றிலிருந்து ஆச்சிக்கு வீட்டில் ஒரு மரியாதை.

பிறகு புதன்கிழமை தவறுவதில்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே 'பூத் ஓ காய்' என்று ஒரு சின்ன மேடு. பாரிஸ் என்றால் நாம் நினைக்கிற அகலச் சாலைகள் அங்கே இல்லை. கல் பாவிய சந்துகள், குட்டி வீடுகள், சுவரெல்லாம் சித்திரம். மிஸ் டிக் என்ற பெண் ஓவியர், 2022-இல் காலமானவர், வரைந்த கறுப்புக் கூந்தல் பெண்கள் ஒரு மூலையில் நின்று நம்மையே முறைக்கிறார்கள். நடுச்சதுக்கத்தில் ஆழ்கிணற்றுத் தண்ணீர் வரும் குழாய் ஒன்று. அக்கம்பக்கத்தார் பிளாஸ்டிக் குடுவைகளோடு வந்து பிடித்துப் போகிறார்கள். பாரிஸில் குழாயடி! எனக்கு அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. பேரன் விட்டால்தானே. "வேட்டைக்கு வந்திருக்கோம் ஆச்சி."

சாமான் வாங்க லா ஷாபெல் போகிற நாளும் வேட்டை நாளாகிவிட்டது. ஐந்தாம் எண் மெட்ரோவில் ஏறினால் ஓரிடத்தில் ரயில் பூமிக்கு மேலே வந்து சேன் நதியைத் தாண்டும். கார் து நோர் நிலையத்தில் இறங்கினால் அந்தப் பக்கம் முழுக்க இலங்கைத் தமிழர் கடைகள். முருங்கைக்காய், கறிவேப்பிலை, நல்லெண்ணெய் எல்லாம் கிடைக்கும். கடைக்காரர் யாழ்ப்பாணத் தமிழில், "என்னம்மா தேடுறியள்? சுவரில ஒண்டும் விக்கிறேல்ல" என்று கேலி செய்தார். பேரன் அவருக்குக் காட்டினான். கடைக்கு எதிர்ப்பக்கம் மேலே ஒன்று இருந்தது. எத்தனையோ வருஷமாக அங்கே கடை வைத்திருக்கிறவர், வெளியே வந்து அண்ணாந்து பார்த்து, "அட!" என்று நின்றுவிட்டார்.

பிள்ளைகளோடு இந்த வேட்டைக்குப் போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு வார்த்தை. மேலேயே பார்த்து நடந்தால் கீழே நாய்கள் செய்து வைத்திருப்பதை மிதிப்பீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன். படம் பிடிக்கிற மும்முரத்தில் குழந்தைகள் பின்னாலேயே நடந்து சாலையில் இறங்கிவிடுவார்கள். நடைபாதையைவிட்டு ஓர் அடி இறங்கக் கூடாது என்பதை முதல் விதியாக வையுங்கள். கழுத்தைப் பின்னால் சாய்த்து அதிக நேரம் நின்றால் நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தலை சுற்றும்; நாலடி தள்ளி நின்று பார்த்தால் கழுத்து பிழைக்கும். கைப்பை முன்னால் இருக்கட்டும். குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் பிள்ளைக்கு அடிக்கடி தண்ணீர் கொடுக்க வேண்டும். என் முழங்கால் வலி குறைந்தது நிஜம். மருத்துவர் தினம் அரை மணி நடக்கச் சொல்லி நான்கு வருஷம் ஆகிறது. பூச்சி சொல்லித்தான் நடந்தேன்.

ஒரு சந்தேகம் எனக்கு இருந்தது, இன்னும் இருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடித்த நம் சுவரில் ராத்திரியோடு ராத்திரியாக எவனோ சிமெண்ட் குழைத்து ஒரு நண்டைப் பதித்துவிட்டுப் போனால் சும்மா இருப்போமா? 'நோட்டீஸ் ஒட்டாதீர்' என்று எழுதி வைத்து, அதன் மேலேயே நோட்டீஸ் ஒட்டப்பட்டு நொந்துபோன குடும்பம் எங்களுடையது. 2014-இல் ஹாங்காங் அதிகாரிகள் பலவற்றைப் பெயர்த்துப் போட்டார்களாம். நியாயம்தான் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். "ஆனா பாருங்க அத்தை, இங்க வீட்டுக்காரங்க தங்க சுவர்ல ஒண்ணு இருந்தா பெருமையா சொல்லிக்கிறாங்க" என்றார். எனக்கு அது பதிலாகப் படவில்லை. பேரன் முன்னால் வாதாடவும் மனசு வரவில்லை.

மார்ச் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. பாப்பாவுக்கு லேசான ஜுரம், மகள் இரவெல்லாம் விழித்திருந்தாள். மூன்று மணிக்குப் பள்ளிவிடும். நானே போய்ப் பேரனைக் கூட்டி வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். வழக்கமான தெருவைத் தோண்டிப் போட்டு வேலி கட்டியிருந்தார்கள். சுற்றிப் போகச் சொல்லி ஓர் அம்புக்குறி. அம்பைப் பிடித்துப் போனேன். இரண்டு திருப்பத்துக்குப் பிறகு அம்பைக் காணோம். எல்லாத் தெருவும் ஒரே மாதிரி. அதே சாம்பல் கல், அதே கம்பி பால்கனி. கைப்பேசியை எடுத்தால், ராத்திரி சார்ஜ் போட மறந்திருக்கிறேன், உயிரில்லை. பள்ளியின் பெயரைச் சொல்லி ஓர் அம்மாளிடம் கேட்டேன். என் உச்சரிப்பு அவளுக்குப் புரியவில்லை. அவள் சொன்னது எனக்குப் புரியவில்லை. மணி மூன்றாக ஐந்து நிமிஷம். குளிரிலும் வேர்த்துவிட்டது. வாசலில் நிற்கிற பிள்ளை, தன்னைக் கூட்டிப் போகக்கூட யாருக்கும் நேரமில்லை என்று நினைத்துவிடுவானே என்ற நினைப்புதான் வயிற்றைக் கலக்கியது.

பழக்க தோஷத்தில் அண்ணாந்து பார்த்தேன். ஒரு மருந்துக் கடைக்கு மேலே ஆரஞ்சு நிறப் பூச்சி ஒன்று, ஒரு கண் சில்லு உதிர்ந்தது. இரண்டாவது புதன்கிழமை பிடித்தது! 'ஒத்தைக் கண்ணன்' என்று நான்தான் பெயர் வைத்தேன். அன்றைக்கு இதைப் பார்த்துவிட்டு இடது பக்கம் இறங்கி, படிக்கட்டுக்குப் பக்கத்தில் நீலத்தைப் பார்த்தோம். இடது பக்கம் இறங்கினேன். நீலம் இருந்தது. நீலத்திலிருந்து ரொட்டிக் கடை முனையில் சிவப்பு. சிவப்புக்கு எதிர்த் தெருவில் பள்ளிக்கூடம்.

பத்து நிமிஷம் தாமதம். வாசலில் டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் சுண்டிப் போயிருந்தது. டீச்சரிடம் "மெர்ஸி, மெர்ஸி" என்று நாலு தடவை சொன்னேன்.

"எப்படி ஆச்சி தனியா வந்த? அந்த ரோடு மூடியிருக்கே."

"உன் பூச்சியெல்லாம் வழி சொல்லிச்சு. ஒத்தைக் கண்ணன் உன்னைக் கேட்டதா சொல்லச் சொன்னான்."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் அறைக்கு ஓடினான். ஆச்சி தொலைந்துபோன கதையை முழுக்கத் தமிழில் சொன்னான். நடுநடுவே வார்த்தை கிடைக்காத இடத்தில் பிரெஞ்சைப் போட்டு நிரப்பினான். கட்டிலில் உட்கார்ந்து சொன்னான். பாப்பாவின் கால் அவன் முழங்கால்மேல் பட்டுக்கொண்டிருந்தது, தள்ளிவிடவில்லை. நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அதற்கடுத்த வாரம் எங்கள் தெருமுனை நண்டைக் காணவில்லை. நாங்கள் முதன்முதலில் பார்த்ததே அதுதான். சுவரில் சிமெண்ட் தழும்பும், கீழே இரண்டு உடைந்த சில்லும் மட்டும். இப்படித் திருடுகிறவர்கள் உண்டு. 2017-இல் நகரசபை ஊழியர்கள் மாதிரி உடை போட்டுக்கொண்டு சிலர் பல இடங்களில் பெயர்த்துப் போக, நகரசபையே போலீசில் புகார் கொடுத்ததாம். பெயர்க்கும்போதே பாதி நொறுங்கிவிடும். தெருவில் பதித்ததை விற்பதற்கு அந்தக் கலைஞர் சான்று தருவதும் இல்லை. அப்படியும் விடுவதில்லை. காணாமல் போனதை ரசிகர்கள் அதே அளவில், அதே நிறச் சில்லுகளைத் தேடிப் பிடித்துத் திரும்பப் பதிப்பதும் நடக்கிறது. ஒழுங்காகச் செய்திருந்தால் ஆட்டத்தில் அது மறுபடி உயிர் பெற்றுவிடும்.

பேரன் அன்று அழுதான். பாப்பா வந்ததிலிருந்து அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதான். மகள் அவனை மடியில் போட்டுக்கொண்டாள். ஏழு வயதுப் பிள்ளை, கால் தரையில் இழுபடுகிறது, இருந்தாலும் போட்டுக்கொண்டாள். பாப்பாவை நான் வாங்கிக்கொண்டேன்.

சிமெண்ட் வேலை எனக்குத் தெரியாது. ஊசி வேலை தெரியும். மாப்பிள்ளையிடம் சொல்லிக் கட்டம் போட்ட துணியும் நூலும் வாங்கினேன். கைப்பேசியில் இருந்த படத்தைப் பெரிதாக்கி மகள் கையில் வைத்துக்கொள்ள, பேரன் கட்டங்களை எண்ணிச் சொன்னான். "வெள்ளை மூணு, கறுப்பு ஒண்ணு, வெள்ளை மூணு." நான் தைத்தேன். நான்கு சாயங்காலம் ஆயிற்று. நான் ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது முடிந்தது. எங்கே மாட்டலாம் என்று கேட்டேன். சுற்றிப் பார்த்துவிட்டு, பாப்பாவின் தொட்டிலுக்கு மேலே சுவரைக் காட்டினான்.

மாட்டி முடித்ததும் பழைய கைப்பேசியை எடுத்து அதைப் படம் பிடித்தான். கைப்பேசி ரொம்ப நேரம் யோசித்தது. பிறகு பாயிண்ட் இல்லை என்றது.

"பாப்பாவுக்குப் பாயிண்ட் கிடையாதாம் ஆச்சி" என்றான். கொஞ்சம் நேரம் கழித்து, "பரவாயில்ல, நடக்க ஆரம்பிச்சதும் நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

பாளையங்கோட்டைக்கு வந்த பிறகும் புதன்கிழமை சாயங்காலம் போன் மணி அடித்தால் அது அவன்தான். போன வாரம் மூன்று புதுசாம். பாப்பா தள்ளுவண்டியிலேயே தூங்கிவிட்டாளாம், அதனால் மூன்றையும் இன்னொரு நாள் திரும்பப் போய்க் காட்ட வேண்டுமாம்.